பாலைவன ஊர்திகளில் இருவழி வானொலி: லிபியப் பாலைவனம், 1940–1943

இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்காவில் இயங்கிய பிரிட்டிஷ் படைப்பிரிவுகளுள் ஒன்று லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப். தமிழில் இதனை நெடுந்தொலைவுப் பாலைவனப் படை எனலாம். சாலையே இல்லாத லிபியப் பாலைவனத்தில் லாரிகளில் பல நூறு கிலோமீட்டர் உள்ளே சென்று, எதிரியின் நடமாட்டத்தைக் கண்டறிந்து தலைமையகத்துக்குத் தெரிவிப்பது இப்படையின் முதன்மைப் பணி. அதற்காக ஒவ்வொரு ரோந்துக் குழுவின் ஒரு லாரியிலும் இருவழி வானொலிக் கருவி பொருத்தப்பட்டது. 3 முதல் 20 மைல் வரை செய்தி அனுப்புவதற்கென்று வடிவமைக்கப்பட்ட அந்தச் சிறிய கருவியைக் கொண்டு 1,000 மைலுக்கு அப்பாலும் செய்தி அனுப்பினார்கள். இத்தனைக்கும் கருவியை மாற்றவில்லை. ஏரியலையும் அலைவரிசையையும் நேரத்தையும் மாற்றினார்கள். ஒரு வானொலியின் எட்டும் தொலைவு அதன் பெட்டிக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

பின்னணி

இப்படையை உருவாக்கியவர் ரால்ஃப் பேக்னால்ட் (1896–1990). பிரிட்டிஷ் ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் பணியாற்றிய பொறியாளர். 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றினார். அதுவரை ஒட்டகத்தில் மட்டுமே செல்ல முடியும் என்று கருதப்பட்ட மணற்குன்றுகளைக் காரில் கடந்து காட்டினார். டயரில் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டுவது, புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைச் செருகி வண்டியை மீட்பது, ரேடியேட்டரில் கொதித்து ஆவியாகும் நீரை ஒரு தகரக் கலத்தில் பிடித்துக் குளிரவைத்து மீண்டும் பயன்படுத்துவது, நிழலைக் கொண்டு திசை காட்டும் சூரியத் திசைகாட்டி ஆகியவை இப்பயணங்களில் செம்மையடைந்தன. மணல் காற்றில் நகரும் விதத்தைப் பற்றி அவர் எழுதி 1941இல் வெளியான நூல் இன்றும் புவியியலாளர்கள் மேற்கோள் காட்டும் நூலாகும்.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போர் அறிவித்தது. லிபியா அப்போது இத்தாலியின் குடியேற்ற நாடு. எகிப்தின் மேற்கு எல்லைக்கு அப்பால், உள்நாட்டுப் பாலைவனத்தில் இத்தாலியர் என்ன செய்கிறார்கள் என்று அறிய பிரிட்டிஷாரிடம் வழியில்லை. அந்த மாதமே பேக்னால்ட் தளபதி வேவலிடம் தம் திட்டத்தைக் கொடுத்தார். படையைத் திரட்ட அவருக்குக் கிடைத்த அவகாசம் 6 வாரம். விலைக்கு வாங்கியும் எகிப்திய ராணுவத்திடம் இரவல் பெற்றும் ஒன்றரை டன் செவ்ரோலே லாரிகள் சேர்க்கப்பட்டன. வீரர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்தின் பண்ணைகளிலிருந்து வந்தவர்கள்; வண்டியையும் இயந்திரத்தையும் பேணிப் பழகியவர்கள். 1940 செப்டம்பரில் முதல் ரோந்துக் குழுக்கள் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் சுமார் 30 பேர், 11 வண்டிகள்.

வானொலி ஏன் இன்றியமையாததாக இருந்தது?

ஒற்றரின் பயன் அவர் காண்பதில் பாதி, கண்டதை உரிய காலத்தில் சொல்வதில் மறுபாதி. எதிரியின் டாங்கிகள் கிழக்கே செல்வதைப் பார்த்த குழு, அதைச் சொல்வதற்காகப் பத்து நாள் வண்டியோட்டித் திரும்பினால் செய்தி வரலாறாகிவிடும். லிபியாவின் தென்கிழக்கிலுள்ள குஃப்ரா பாலைச்சோலை கெய்ரோவிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். இடையில் தந்திக் கம்பி இல்லை, ஊர் இல்லை, கிணறுகள்கூட அரிது. வானொலி இல்லாத ரோந்துக் குழு, பேச முடியாத சாட்சியைப் போன்றது.

மிக உயர் அதிர்வெண்ணில் இயங்கும் இன்றைய கையடக்கக் கருவிகளால் இத்தொலைவை எட்ட முடியாது. அவ்வலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்கின்றன. பூமி வளைந்திருப்பதால், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஏரியல் கொண்ட இரு வண்டிகள் சமவெளியில் பேசிக்கொள்ளக்கூடிய எல்லை சுமார் 11 அல்லது 12 கிலோமீட்டர். நடுவில் ஒரு மணற்குன்று இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே பாலைவனப் படைக்குத் தேவைப்பட்டது வானத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை.

கருவியும் அதைப் பொருத்திய விதமும்

படைக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் 11ஆம் எண் கம்பியில்லாத் தந்திக் கருவி. 4.2 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் இயங்குவது. அலைநீளமாகச் சொன்னால் ஏறத்தாழ 71 முதல் 40 மீட்டர் வரை. அனுப்பும் திறன் மிகக் குறைவு. 6 அல்லது 9 அடி உயரமுள்ள கம்பியை ஏரியலாக நிறுத்தி, போர்க்களத்தில் அருகிலுள்ள பிரிவுகள் பேசிக்கொள்வதற்காக உருவானது. இதனுடன் பிலிப்ஸ் நிறுவனத்தின் சாதாரண வானொலிப் பெட்டி ஒன்றும் வைக்கப்பட்டது. அது கேட்பதற்கு மட்டும். அதன் பயன் பின்னர் கூறப்படும்.

ஒரு குழுவுக்கு ஒரு வானொலி லாரி. கருவியைப் பின்பெட்டியில் வைத்தார்கள். 1942இல் கனடாவில் தயாரான புதிய செவ்ரோலே லாரிகள் வந்தபோது, பெட்டியின் பக்கவாட்டில் கருவிக்கெனத் தனி அறை அமைக்கப்பட்டது. அதன் கதவைக் கீழே மடக்கினால் அதுவே எழுதும் மேசை. செய்தியாளர் வண்டியின் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்யலாம்.

சாலையில்லா நிலத்தில் ஓடும் வண்டியில் வானொலி வைப்போர் எக்காலத்திலும் எதிர்கொள்ளும் தொல்லைகள் இங்கும் இருந்தன. கல்லிலும் மணலிலும் குலுங்கும்போது வால்வுகளும் இணைப்புகளும் தளரும். நுண்மணல் எல்லா இடுக்குகளிலும் புகும். பகல் வெப்பம் மின்கலங்களைக் கெடுக்கும். பெட்ரோல் இயந்திரத்தின் தீப்பொறிகளும் சிறு வானொலி அலைகளை எழுப்புவதால், இயந்திரம் ஓடும்போது மெல்லிய சமிக்ஞைகள் இரைச்சலில் மூழ்கும். இயந்திரத்தை அணைத்தாலோ மின்கலம் மட்டுமே துணை. எனவே வானொலி லாரி கூடுதல் மின்கலங்களைச் சுமந்து சென்றது. தண்ணீரும் பெட்ரோலும் லிட்டர் கணக்கில் அளந்து ஏற்றப்பட்ட வண்டியில் அந்த எடைக்கும் இடம் ஒதுக்கினார்கள் என்பதே வானொலிக்கு அவர்கள் தந்த மதிப்பைக் காட்டும்.

இன்று ஜீப்புகளில் குழுவாகச் செல்வோர் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்வதற்காகவே வானொலி வைக்கிறார்கள். பாலைவனப் படையில் அப்படி இல்லை. வண்டிகளுக்கு இடையே கொடியும் கைச்சைகையும் போதுமானதாக இருந்தன. வானொலி தலைமையகத்துக்கு மட்டும். அதுவும் ஓடும்போது அல்ல, நிறுத்தத்தில். களத்தில் பேச்சாக அல்லாமல் மோர்ஸ் குறியீட்டில் மட்டுமே அனுப்பினார்கள். குரல் பரந்த அலைவரிசையில் சிதறுகிறது. மோர்ஸின் ஒற்றை ஒலி மிகக் குறுகிய அலைவரிசையில் அடங்கும். குரல் புரியாத அளவு மெலிந்த நிலையிலும் பழகிய காது மோர்ஸைப் பிரித்தறியும். எட்டும் தொலைவைக் கூட்டிய முதல் காரணம் இது.

20 மைல் 1,000 மைல் ஆன விதம்

இரண்டாம் காரணம் ஏரியல். 6 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 மீட்டர். ஓர் ஏரியல் நன்கு இயங்க அதன் நீளம் அலைநீளத்தில் பாதியளவு, அதாவது சுமார் 25 மீட்டர் இருப்பது நல்லது. லாரியில் நிற்கும் 6 அடிக் கம்பி 2 மீட்டருக்கும் குறைவு. கருவி தரும் சொற்ப ஆற்றலில் பெரும்பகுதி அலையாக வெளியேறாமல் வெப்பமாகவே வீணாகும். அத்துடன் நிமிர்ந்து நிற்கும் குட்டைக் கம்பி தரையை ஒட்டியே அலையை அனுப்புகிறது. உலர்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஈரநிலத்திலும் கடலிலும் வெகுதூரம் செல்லும் தரை அலை, பாலைவனத்தில் விரைவிலேயே தேய்ந்துவிடும். நூலில் போட்டிருந்த 20 மைல் என்பது இத்தகைய பயன்பாட்டுக்கான கணக்கு.

பாலைவனப் படையின் செய்தியாளர்கள் தொலைவுக்கேற்ப ஏரியலை மாற்றினார்கள். ஓரளவு தொலைவுக்கு லாரியிலேயே இணைத்த இருமுனை ஏரியல். வெகுதூரத்துக்கு, சுமார் 17 அடி உயரமுள்ள இரு கழிகளை நட்டு, அவற்றிடையே நீண்ட கம்பியைக் கட்டினார்கள். இது விண்டம் ஏரியல் எனப்படும். அமெரிக்க வானொலி ஆர்வலரான லோரன் விண்டம் 1929இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே நிலைத்தது. கம்பியின் நடுவில் அல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இணைப்புக் கம்பி ஒன்று இறங்கும். அந்த ஒற்றைக் கம்பியைக் கருவியில் சொருகினால் போதும். எளிய அமைப்பு என்பதால் பாலைவனத்துக்கு ஏற்றதாயிற்று.

கிடைமட்டமான இக்கம்பி அலைகளை மேல்நோக்கி அனுப்புகிறது. அவை மேலே உள்ள அயனி மண்டலத்தில் வளைந்து மீண்டும் பூமிக்கு வருகின்றன. கென்னலியும் ஹெவிசைடும் 1902இல் ஊகித்த இம்மண்டலம் உண்மையில் இருப்பதை 1924இல் ஆப்பிள்டன் சோதனையால் மெய்ப்பித்தார். தரை அலைக்கு மணல் தடையாகும். வான் அலைக்கு மணலும் குன்றும் பொருட்டல்ல. இதனால்தான் சில வாட் திறன் கொண்ட கருவி ஆயிரம் மைலைத் தாண்டியது.

ஆனால் கம்பியைக் கட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. அன்றைய அலைவரிசைக்குச் சரியான கம்பி நீளம் எது என்று ஒவ்வொரு முறையும் கண்டறிந்தாக வேண்டும். நீளம் தவறினால் ஆற்றல் கம்பியில் ஏறாது. கழி நட்டு, கம்பி இழுத்து, நீளம் பார்த்து, தலைமையகத்தை அழைத்துப் பதில் பெறும்வரை குழு ஓரிடத்திலேயே நிற்க வேண்டும். அதனால் ஓரளவு பாதுகாப்பான இடங்களில் மட்டுமே விண்டம் ஏரியலைக் கட்ட முடிந்தது. எட்டும் தொலைவைக் கூட்ட அவர்கள் கொடுத்த விலை நேரமும் ஆபத்தும்.

அருகில் இருப்பவருக்குக் கேட்காத வானொலி

வான் அலையில் ஒரு வியப்பு உண்டு. 1,000 கிலோமீட்டர் தொலைவில் தெளிவாகக் கேட்கும் சமிக்ஞை, 150 கிலோமீட்டர் தொலைவில் சிறிதும் கேட்காமல் போகலாம். செங்குத்தாக மேலே செல்லும் அலையை அயனி மண்டலம் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரையே திருப்பி அனுப்பும். அதற்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்ட அலை துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். சாய்வாகச் செல்லும் அலை மட்டும் திரும்பி, தொலைவில் இறங்கும். தரை அலை தேய்ந்து முடியும் இடத்துக்கும் வான் அலை முதலில் இறங்கும் இடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் எதுவும் கேட்காது. இப்பகுதியைத் தாவு மண்டலம் என்பர்.

இது பகலுக்கும் இரவுக்கும் மாறும். சூரிய ஒளியே அயனிகளை உண்டாக்குவதால் பகலில் மண்டலம் வலுவாக இருக்கும், இரவில் மெலியும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் உதவும் தொலைவுக்கு இரவில் 4 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். பகலில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்தினால், கீழடுக்கு அதை உறிஞ்சிவிடும். பதினோராண்டுச் சூரியப்புள்ளிச் சுழற்சியும் இதைப் பாதிக்கிறது. அச்சுழற்சி 1937இல் உச்சத்தைத் தொட்டு, 1944இல் தாழ்நிலையை அடைந்தது. பாலைவனப் படை இயங்கிய ஆண்டுகளில் உயர் அதிர்வெண்களைத் திருப்பும் ஆற்றல் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது எனலாம்.

ஆகவே இக்கருவி எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் விடை இல்லை. எந்த ஏரியலில், எந்த அதிர்வெண்ணில், எத்தனை மணிக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். தொடர்பு நேரங்களும் அலைவரிசைகளும் முன்கூட்டியே வகுக்கப்பட்டு, குழுக்கள் குறித்த நேரத்தில் நின்று அழைத்தன. பகல் முழுவதும் மற்றவர்களோடு வண்டியைத் தள்ளி மணலில் உழைத்த செய்தியாளர், இரவில் மற்றவர்கள் உறங்கும்போது செய்தியைச் சங்கேதமாக மாற்றிக் குறியீடு தட்டிக்கொண்டிருந்தார்.

நேரத்தைக் கேட்டு இடத்தை அறிதல்

இனி பிலிப்ஸ் பெட்டியின் பயன். அடையாளமே இல்லாத நிலத்தில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறிய, வழிகாட்டிகள் இரவில் தியோடலைட் கருவியால் விண்மீன்களை அளந்தார்கள். தீர்க்கரேகையைக் கணக்கிடத் துல்லியமான நேரம் வேண்டும். பூமி 4 விநாடிக்கு 1 கலை அளவு சுழல்கிறது. லிபியப் பாலைவனத்தின் அட்சரேகையில் இது தரையில் சுமார் 1.6 கிலோமீட்டர். கடிகாரம் அரை நிமிடம் தவறினால் இடம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தவறும். தண்ணீர்க் கிடங்கைத் தேடிச் செல்வோருக்கு இது உயிர்ப் பிழை. பிலிப்ஸ் பெட்டியில் கிரீன்விச் நேர சமிக்ஞையைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். கண்டதைச் சொல்ல ஒரு வானொலி. எங்கிருந்து கண்டோம் என்று அறிய மற்றொன்று.

ஜெபல் ஷெரீப், 1941

வானொலி லாரியிலிருந்து பிரிந்தோரின் நிலை என்ன என்பதற்கு ஜெபல் ஷெரீப் நிகழ்ச்சி எடுத்துக்காட்டு. 1941 ஜனவரி 31 அன்று குஃப்ராவுக்குத் தெற்கே அக்குன்றுப் பகுதியில், பேட் கிளேட்டன் தலைமையிலான குழுவை இத்தாலியின் சகாரா மோட்டார்ப் படை விமானங்களின் துணையோடு தாக்கியது. மூன்று லாரிகள் எரிந்தன. கிளேட்டன் சிறைப்பட்டார். குழுவின் எஞ்சிய வண்டிகள் பின்வாங்கின. எரிந்த வண்டிகளைச் சேர்ந்த நால்வர் பாறைகளுக்குள் ஒளிந்து தப்பினர். அவர்களிடம் 2 காலனுக்கும் குறைவான தண்ணீர் இருந்தது, உணவு இல்லை. தாங்கள் உயிரோடு இருப்பதை யாருக்கும் தெரிவிக்கவும் வழியில்லை.

அவர்கள் சரணடைய விரும்பாமல், வண்டித் தடங்களைப் பின்பற்றித் தெற்கே நடந்தார்கள். நால்வரில் ஒருவரான ரொனால்ட் மூர் 10 நாளில் சுமார் 210 மைல் நடந்த நிலையில், சுதந்திர பிரெஞ்சுப் படையினரால் கண்டெடுக்கப்பட்டார். காலில் காயம்பட்டிருந்த அவர் அப்போதும் நடந்துகொண்டிருந்தார். நால்வரில் ஒருவர் மீட்கப்பட்ட பின் இறந்தார். பிற்காலத்தில் 30 பேர் கொண்ட குழுக்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 5 அல்லது 6 வண்டிகள் கொண்ட ஒவ்வொரு அரைக்குழுவுக்கும் தனி வழிகாட்டியும் தனிச் செய்தியாளரும் வானொலியும் இருந்தன.

சாலைக் காவல், 1942

இப்படையின் வானொலிப் பணியில் மிகவும் புகழ்பெற்றது சாலைக் காவல். திரிப்போலியிலிருந்து பெங்காசிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையே ரோமெலின் படைக்கு வேண்டிய பொருள்கள் வந்த வழி. அச்சாலையில் இத்தாலியர் கட்டிய வெற்றி வளைவை பிரிட்டிஷ் வீரர்கள் மார்பிள் ஆர்ச் என்று அழைத்தனர். அதன் அருகே, 1942 மார்ச் 2 முதல் ஜூலை 21 வரை, இரவும் பகலும் இடைவிடாமல் கண்காணித்தார்கள்.

வண்டிகளைச் சில மைல் தள்ளி மறைத்துவிட்டு, இருவர் மட்டும் விடியுமுன் சாலையிலிருந்து சில நூறு கெஜம் தொலைவில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். பெரிய மறைவிடம் ஏதும் இல்லை. இருட்டும்வரை அசையக்கூடாது. போகும் வரும் ஒவ்வொரு லாரியையும் டாங்கியையும் பீரங்கியையும் வகை பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு குழு காவலில் இருக்க, ஒரு குழு வந்துகொண்டும் ஒரு குழு திரும்பிக்கொண்டும் இருக்கும். தளமான சிவா பாலைச்சோலை நேர்க்கோட்டில் 650 கிலோமீட்டருக்கும் மேல். அவசரமான செய்தி வானொலியில் அன்றே சென்றது. விரிவான கணக்கு குழு திரும்பும்போது சென்றது. ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை உடைத்துப் பெற்ற தகவல்களைச் சரிபார்க்கவும் இந்தக் கணக்கு உதவியது.

பேசினால் காட்டிக்கொடுக்கும்

வானொலி, நண்பருக்கு எட்டும் தொலைவுக்கு எதிரிக்கும் எட்டும். திசையறி ஏரியல்கள் இரண்டு இருந்தால், ஒலிபரப்பும் இடத்தைக் கோடு போட்டுக் கண்டுபிடிக்கலாம். சாலையருகே எதிரி உற்றுக்கேட்டுக்கொண்டிருக்கும்போது நீண்ட செய்தி அனுப்புவது தற்கொலைக்கு ஒப்பு. செய்திகள் சங்கேதத்தில், இயன்ற அளவு சுருக்கமாக அனுப்பப்பட்டன. ராணுவ நடைமுறை என்று தெரியாதபடி, அயல்நாட்டு வணிக நிலையங்கள் ஒன்றையொன்று அழைக்கும் முறையையும் கையாண்டார்கள். எட்டும் தொலைவைக் கூட்டக் கற்றது ஒரு பாடம் என்றால், எப்போது வாய் திறக்கக்கூடாது என்று கற்றது மற்றொரு பாடம்.

இந்தியப் பிரிவும் பிற்காலமும்

இப்பணியில் இந்தியருக்கும் பங்கு உண்டு. இந்திய ராணுவத்தின் குதிரைப்படை ரெஜிமெண்ட்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்து உருவாக்கப்பட்ட இந்திய நெடுந்தொலைவுப் பிரிவு, 1942இன் இறுதியில் பாலைவனப் படையோடு இணைந்து பணியாற்றியது. 1943 ஜனவரியில் நிக் வைல்டர் தலைமையிலான குழு, துனிசியாவின் மாரெத் அரணைத் தெற்கே சுற்றிச் செல்ல உதவும் மலைக் கணவாயைக் கண்டறிந்தது. அது இன்றும் வைல்டர் கணவாய் எனப்படுகிறது. அவ்வழியைப் பயன்படுத்தியே 1943 மார்ச்சில் நியூசிலாந்துப் படை அரணைச் சுற்றி வளைத்தது. ஆப்பிரிக்கப் போர் முடிந்தபின் படை ஐரோப்பாவுக்கு மாற்றப்பட்டு, 1945இல் கலைக்கப்பட்டது.

மதிப்பீடு

பாலைவனப் படையின் வெற்றிக்கு ஓட்டுநர், வழிகாட்டி, துப்பாக்கி வீரர் என எல்லோரும் காரணம். எனினும் அவர்கள் கண்டது தலைமையகத்தின் கையில் தகவலாகச் சேர்ந்தது செய்தியாளரால்தான். புதிய வானொலிக் கருவி எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ராணுவக் கிடங்கில் கிடைத்த சிறு பெட்டி, ஓர் ஆர்வலர் பெயரால் வழங்கிய எளிய ஏரியல், இயற்பியல் பாடத்தில் படிக்கும் அயனி மண்டலம் ஆகிய மூன்றையும் லாரியின் பின்பெட்டியில் ஒன்றுசேர்த்தார்கள்.

இன்று வண்டியில் வானொலி பொருத்துவோரும் கருவியின் உறையில் அச்சிட்ட தொலைவைப் பார்த்தே வாங்குகிறார்கள். அந்த எண்ணை நம்பியிருந்தால் பாலைவனப் படை 20 மைலுக்கு மேல் சென்றிருக்கவே முடியாது. சில இடங்களில் அந்த 20 மைலும் கிடைத்திராது. போக வேண்டிய நிலத்தில், பயன்படுத்தப் போகும் ஏரியலோடு, பகலிலும் இரவிலும் அழைத்துப் பார்த்துப் பெறும் அளவே உண்மையான எட்டும் தொலைவு.